நானூறுக்கு மேல் ஒரு பைசா கிடையாது

தெட்சிணாமூர்த்தி முப்பத்தொரு வருஷம் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்தக் கோளாறையும் ஒரு சர்க்குலர் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று மனமார நம்புகிற மனுஷன். அப்பேர்ப்பட்டவர் கையில் பூவத்தில் ஆறு மா நிலத்தையும், அதாவது முழுசாய் இரண்டு ஏக்கரையும், ஒரு குறுவைச் சாகுபடியையும் கொடுத்தால் என்ன ஆகும்? தீர்மானம்தான் ஆகும். வேறென்ன ஆகும்!

பூவத்தில் நடவு என்றால் சந்திரலேகாவின் செட்தான். பன்னிரண்டு பெண்கள். கை சுத்தம், வரிசை சுத்தம், வாய் மட்டும் யாரையும் விட்டுவைக்காது. போன வருஷம் ஆளுக்கு ஒரு நாளைக்கு நானூறு ரூபாய் வாங்கியவர்கள், இந்த வருஷம் ஐந்நூறு வேண்டும் என்றார்கள். எண்ணெய் விலை, கேஸ் விலை, பள்ளிக்கூட வேனுக்குக் கட்டுகிற காசு என்று சந்திரலேகா விரல்விட்டுச் சொன்னாள். ஒரு விஷயம் நியாயமா அநியாயமா என்று யோசிக்கிற பழக்கம் தெட்சிணாமூர்த்திக்கு இல்லை. முன்னுதாரணம் உண்டா என்றுதான் யோசிப்பார். முன்னுதாரணம் நானூறு.

அன்றைக்குச் சாயங்காலமே அதே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் மற்ற நான்கு விவசாயிகளையும் தன் வீட்டுக்கு வரவழைத்தார். கலைவாணன் வந்தார், அருளானந்தம் வந்தார், இன்னும் இருவர் வந்தார்கள். மனைவி உமாமகேஸ்வரி எல்லாருக்கும் காபி கொடுத்தாள்.

"நாம அஞ்சு பேரும் ஒரே கையா நின்னா அவங்க எங்க போவாங்க?" என்று ஆரம்பித்தார் தெட்சிணாமூர்த்தி. "ஆளு வேணும்னு ஒருத்தன ஒருத்தன் முந்தறதாலதான் கூலி ஏறுது. முந்தாம இருந்தா ஏறாது. சிம்பிள்."

"ஆத்துக்கு அந்தாண்ட தமிழ்நாட்டுப் பக்கம் போயிட்டா?" என்றார் அருளானந்தம். "அங்க பொம்பளைங்களுக்கு பஸ்ஸும் ஃப்ரீ."

"அது டவுன் பஸ்ஸு மட்டும்" என்று விதியைச் சுட்டிக்காட்டி அவர் வாயை அடைத்தார் தெட்சிணாமூர்த்தி.

தீர்மானத்தை அவரே எழுதினார். 'நடவுப் பெண்களுக்கு நாள் கூலியாக, ரொக்கமாக, ரூபாய் நானூறுக்கு மேல் ஒரு பைசாவும் வழங்கலாகாது. மீறுவோர் வாய்க்கால் தூர்வார ரூபாய் ஐயாயிரம் செலுத்தக் கடவர்.' அந்தக் 'கடவர்' என்ற சொல்லை எழுதும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாயசம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து அதிலும் ஏற்றினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம் சும்மா விடுமா? ஒரு ஜெராக்ஸ் எடுத்து, மூலையில் 'தகவலுக்காக' என்று எழுதி, சந்திரலேகா கையிலும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வந்தார்.

அவள் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள். "சரிங்க சார்" என்றாள். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. அந்தச் 'சரிங்க சார்' வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவருக்கு என்னவோ செய்தது.

இவருக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பீர்கள். போன வருஷக் குறுவை அறுப்புச் சமயத்தில் மழையில் படுத்து மொத்தமும் முளைத்துப் போயிற்று. காரைக்காலில் ரியல் எஸ்டேட் செய்யும் மைத்துனர் அப்போதே டேப்பும் கையுமாக வந்து நிலத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனார். "இந்த வருஷமும் நெல்லு வீடு வந்து சேரலன்னா மனை போட்டுர்றதுங்க" என்று உமாமகேஸ்வரி சொன்னதற்கு இவரும் தலையாட்டியிருக்கிறார். சும்மா ஆட்டவில்லை, சத்தியம் பண்ணியிருக்கிறார். ஆனால் தினமும் காலையில் நாற்றங்காலைப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சு நிறையும். அறுபத்தோரு வயதில், முதன்முதலாக, தான் சொன்னபடி ஒன்று வளர்கிறது. அதை மனைக்கட்டுக்கு விட அவருக்கு மனசு வரவில்லை. நாற்றுக்கு அன்று இருபத்திரண்டு நாள். இருபத்தைந்தில் பறித்து நட வேண்டும். முப்பதைத் தாண்டினால் முற்றிப் போய்விடும், நட்டாலும் கிளைத்துத் தூர் கட்டாது.

மறுநாள் சந்திரலேகாவின் செட் கலைவாணன் வயலில் இறங்கியது. நானூறு ரூபாய்க்குத்தான் இறங்கியது. தெட்சிணாமூர்த்தி வெற்றிக் களிப்பில் பார்க்கப் போனார். போன இடத்தில் வரப்பில் ஒரு பெரிய தூக்குச்சட்டி இருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு மெதுவடையும் சட்னியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கலைவாணா இது?"

"வடைண்ணே. நீங்களும் ஒண்ணு சாப்புடுங்க."

"வடைன்னு தெரியுதுய்யா. தீர்மானம் என்னாச்சு?"

"தீர்மானத்துல 'ரொக்கமாக'ன்னு நீங்கதான போட்டிருக்கீங்க? வடை ரொக்கமா?"

வாசகம் அவருடையது, எப்படி மறுப்பார்? "விதிப்படி ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிவிட்டு, வடையையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

கேளுங்கள் கூத்தை. நாற்றுக்கு இருபத்தைந்தாவது நாள், தன் முறை என்று காலை ஆறு மணிக்கே வயலில் போய் நின்றார். ஒரு ஈ காக்கை வரவில்லை. விசாரித்தால், மொத்த செட்டும் அருளானந்தம் வயலில். அருளானந்தம் லோடு ஆட்டோ வைத்து வீட்டு வாசலிலிருந்தே ஆட்களை ஏற்றியிருக்கிறார். மத்தியானம் காரைக்காலிலிருந்து மட்டன் பிரியாணி, ஆளுக்கு ஒரு முட்டையோடு.

"பசிச்ச வயித்துக்குச் சோறு போடுறதுக்குமா அண்ணே தடை போட்டிருக்கீங்க?" என்று அருளானந்தம் நெஞ்சில் கைவைத்துக் கேட்டார். புண்ணியவான்! போன வருஷம் அருளானந்தம் வயலில் வேலை செய்தவர்களுக்கு டீயே கிடைத்ததில்லை.

அடுத்த விவசாயி ஆளுக்கு ஒரு எவர்சில்வர் சம்படம் கொடுத்தார். அதற்கடுத்தவர் பன்னிரண்டு பேர் செல்போனுக்கும் ஒரு மாசத்துக்கு ரீசார்ஜ் போட்டுவிட்டார். அவர் ரீசார்ஜ் போட்டது தெரிந்ததும் கலைவாணன், மிச்சமிருந்த இரண்டு மாவுக்காக, வடையோடு கேசரியும் சேர்த்தார். ஆனால் பாருங்கள், ஒவ்வொரு சாயங்காலமும் வாட்ஸ்அப் குழுவில், 'இன்று வழங்கிய கூலி ரூ. 400 மட்டும்' என்று அத்தனை பேரும் யோக்கியமாகப் பதிவு போட்டார்கள். கீழே கட்டைவிரல் கட்டைவிரலாக விழுந்தது. குழுவின் அட்மின் தெட்சிணாமூர்த்தி. அவரும் ஒரு கட்டைவிரல் போட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்களும் ஒரு தவலை பாயசம் வச்சுத் தொலைக்க வேண்டியதுதான?" என்றாள் உமாமகேஸ்வரி.

"தீர்மானம் போட்டவன் நான். நானே அதுல ஓட்டை போடுறதா?"

"அப்ப மனை போடுவோம்."

தெட்சிணாமூர்த்தி வண்டியை எடுத்துக்கொண்டு நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் போய் ஆள் தேடினார். அங்கே நானூற்றைம்பது, வர போக ஆட்டோ தனி என்றார்கள். நடவு மெஷின்காரருக்குப் போன் போட்டார். "நாத்து பாய் மாதிரி சுருட்டி எடுக்குற நாத்தாங்காலா சார்?" என்று அவர் கேட்டார். இல்லை, சாதாரணமாக விதைத்ததுதான் என்றதும், "அப்ப மெஷின் என்னத்த சார் புடிக்கும்?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். வடக்கேயிருந்து வந்து நடுகிற செட்டு ஒன்று திருநள்ளாறு பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர்களுடைய ஏஜெண்டைப் பிடித்தார். அடுத்த மாசம் பத்தாம் தேதி வரைக்கும் புக்கிங் முடிந்துவிட்டது. அதற்குள் நாற்றை மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

இருபத்தொன்பதாவது நாள், வேறு வழியில்லாமல், சந்திரலேகாவைத் தேடிப் போனார். பூவம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துக் கடையில் அவள் மண்ணெண்ணெய் நீலத்தில் ஒரு பாட்டில் ஷாம்பு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, நம்ம வயலு கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியாம என்னங்க சார். ஆறு மா, கிழக்கால போர்செட்டு, நாத்து இருபத்தொம்பது நாளு" என்றாள் சந்திரலேகா.

நாளைக்கூட எண்ணி வைத்திருக்கிறாள்! தெட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். தான் யோசித்து வைத்திருந்த சலுகையை எடுத்துவிட்டார். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, பென்ஷன் வாங்க, பட்டா மாற்ற, செட்டில் யாருக்கு எந்த மனு வேண்டுமானாலும் இந்த வருஷம் முழுக்க அவரே இலவசமாக எழுதிக் கொடுப்பார்.

"அத எப்பவும் சும்மாதான சார் எழுதிக் குடுக்குறீங்க?"

உண்மைதான். அதற்கு விலை உண்டு என்று அவருக்கே இதுவரை தோன்றியதில்லை. தோன்றாத விலையை இப்போது யார் தருவார்கள்?

"சரி, மோரு? சாப்பாடு? பிரியாணியே போடுறேன். ரெண்டு முட்டை."

சந்திரலேகா கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாம் சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஒரு வாரமா வடை, கேசரி, கறி. எங்க செட்டு ஞானமேரிக்கு வயிறு ஊதிக் கெடக்கு. சம்படம் வேற ஆளுக்கு ஒண்ணு. எங்க வீட்ல ஏற்கெனவே நாலு சம்படம் இருக்கு, உள்ள போடத்தான் ஒண்ணும் இல்ல. அதக் கொண்டுபோய் வேன்காரன்கிட்ட நீட்டுனா வாங்கிப்பானா? அந்தச் சம்படம் நூத்தி எம்பது ரூவா சார். அந்தக் காச கையில குடுத்திருந்தா ஆளாளுக்கு வேணுங்கறத வாங்கியிருப்போம்."

"அப்ப மொத்தமா எவ்வளவு ஆகுது ஒரு ஆளுக்கு?" அவருக்குள் இருந்த குமாஸ்தா கேட்டுவிட்டான்.

"நானூறு கூலி. தீனி, ஆட்டோ, சாமான் எல்லாம் போட்டா நூத்தம்பதுக்குக் கொறையல. ஐந்நூத்தம்பது ஆச்சு. நாங்க கேட்டது ஐந்நூறு."

தெட்சிணாமூர்த்தி மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். கேட்டதை அப்படியே கொடுத்திருந்தால் ஊருக்கு ஐம்பது மிச்சம். பெண்களுக்கும் சந்தோஷம். கூலியைக் குறைக்கத் தீர்மானம் போட்டு, கூலியை ஏற்றி, ஏறிய கூலியும் போய்ச்சேராமல் ஏப்பமாகப் போகும்படி செய்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்லவேளை, இந்தக் கணக்கு வேறு யாருக்கும் தெரியாது. கடைக்காரர் சிரித்ததைப் பார்த்தால் தெரியும் போலவும் இருந்தது.

"இப்ப என்ன பண்ணலாங்கற?"

சந்திரலேகா கைப்பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்தாள். 'தகவலுக்காக' என்று மூலையில் எழுதிய அதே ஜெராக்ஸ். "இதுல நாள் கூலிக்குத்தான சார் தடை? காண்டிராக்டா விடுங்க. மாவுக்கு ரெண்டாயிரத்து முன்னூறு. நாத்து பறிச்சு, நட்டு, கரையேறிடுவோம். ஒரு ஆளுக்கு எவ்வளவுங்கறது எங்க பாடு, உங்களுக்கு அதுல வேலையில்ல. தீர்மானமும் அப்புடியே இருக்கும்."

தன் வாசகத்தை இவ்வளவு கவனமாக இதற்கு முன் எந்த மேலதிகாரியும் படித்ததில்லை. கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று அவருக்குப் புரியவில்லை.

"ரெண்டாயிரம்" என்றார்.

"நாத்துக்கு நாளைக்கு எத்தனை நாள் சார்?"

"ரெண்டாயிரத்து நூறு."

"முப்பதுல்ல?"

"சரி, ரெண்டாயிரத்து எரநூறு. அதுக்கு மேல ஒரு பைசா..."

"நேத்து வந்திருந்தா ரெண்டாயிரத்து எரநூறுதான் சார்" என்றாள் சந்திரலேகா, உண்மையாகவே வருத்தப்படுகிறவளைப் போல. இரண்டாயிரத்து முந்நூறுக்கே அவர் தலையாட்டினார்.

மறுநாள் விடிய இன்னும் நேரமிருக்கும்போதே பெண்கள் வந்துவிட்டார்கள். காண்டிராக்ட் என்றால் கையின் வேகமே வேறு. பறிக்கிறதும் கட்டாகக் கட்டி முடிபோடுகிறதும் விசிறுகிறதும் நடுகிறதுமாக மத்தியானத்துக்குள் மூன்று மா முடிந்துவிட்டது. மீதி மூன்று மா மறுநாளைக்கு. அன்றைக்கு ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கொடுத்தார். பிரித்தால் ஆளுக்கு ஐந்நூற்று எழுபத்தைந்து வருகிறது என்று வேலையில்லாத மனசு கணக்குப் போட்டது. அவர் அதை அதட்டி உட்காரவைத்தார்.

இரண்டாம் நாள் பதினோரு பேர்தான் வந்தார்கள். ஞானமேரியின் மகளுக்குக் காரைக்காலில் நர்சிங் அட்மிஷன், தாயும் போக வேண்டியதாயிற்று. பதினொரு மணிக்குச் சந்திரலேகா இடுப்பை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள், கடைசியில் வரப்பில் குடைபிடித்து நின்ற தெட்சிணாமூர்த்தியைப் பார்த்தாள்.

"ஒரு ஆளு கொறையுது சார். இன்னைக்கு முடியாது போலருக்கு. நாளைக்குக் கலைவாணன் அண்ணனோட இன்னொரு வயலுக்கு வாக்கு குடுத்துட்டேன். மிச்சத்துக்கு அஞ்சாறு நாளு பொறுங்க."

அஞ்சாறு நாள்! பறித்துப் போட்ட நாற்று முடிகள் அரைப் பாத்தியில் கிடந்தன. அவர் குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். இறங்கிவிட்டார்.

பதினோரு பெண்களும் போட்ட சத்தத்தில் வாய்க்கால் கரையிலிருந்த கொக்கு அத்தனையும் எழும்பிப் போய்விட்டது. "சார், அது நாத்து, ஃபைலு இல்ல, ஆழமா அழுத்தாதீங்க!" "பின்னாடி போங்க சார், முன்னாடி வந்தா நட்டதையே மிதிப்பீங்க!" "ஒரு குத்துக்கு ரெண்டு மூணு போதும், ஒரு முடியவே வச்சிட்டாரு பாருடி!" அவர் வரிசை கோணலாகப் போய்ப் பக்கத்து வரிசையில் முட்டியது. சந்திரலேகா எட்டிவந்து இரண்டைப் பிடுங்கி நேராக வைத்துவிட்டுப் போனாள். ஒரு மணிக்கு முதுகு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. இரண்டு மணிக்கு முதுகைத் தவிர வேறொன்றும் இருப்பது தெரியவில்லை. ஆனாலும் நிமிரவில்லை, வீம்புக்காரர். மூன்றே காலுக்குக் கடைசிக் குத்தை அவர்தான் வைத்தார்.

கரையேறித் திரும்பிப் பார்த்தார். ஆறு மாவும் பச்சை. அவருடைய கோணல் வரிசைகூடப் பச்சைதான். நிலம் தப்பித்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. சேற்றுக் கையால் துடைக்கப்போய் எரிச்சல் வேறு, கண்ணீர் இன்னும் வந்தது. காண்டிராக்ட் பணம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்தைச் சந்திரலேகாவிடம் மனசாரக் கொடுத்தார்.

போர் செட்டில் கால் கழுவிவிட்டுப் பெண்கள் வரப்பில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சந்திரலேகா பணத்தைப் பிரித்தாள். ஆளுக்கு அறுநூறு, அறுநூறாகப் பதினோரு பேருக்கும் போயிற்று. பிறகு மூன்று நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க சார்."

"இது என்னது?"

"உங்க பங்கு. எறங்குன ஆளுக்குப் பங்கு குடுக்காம விட மாட்டோம், அது எங்க செட்டு வழக்கம். புது ஆளுக்கு மட்டும் அரைப் பங்கு."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பணம் அவருடையது, சற்று முன் அவர் பாக்கெட்டிலிருந்து போனது. திரும்பி வருகிற முந்நூறும் லாபம்தான். ஆனால் அவர் கண் பக்கத்தில் இருந்த பெண்ணின் கையிலிருந்த அறுநூறுக்குப் போயிற்று. முதுகு சுரீர் என்றது.

"அரைப் பங்கா? என்னம்மா அநியாயமா இருக்கு! நானும் உங்களோட அதே வெயில்லதான நின்னேன்? அதே சேறுதான? சாப்பாட்டுக்குக்கூட கரையேறலியே நான்!"

"உங்க வரிசைய ரெண்டு தடவ நான் நட்டேனே சார்."

"ரெண்டு தடவதான! மிச்சமெல்லாம் நான் நட்டதுதான? நான் எறங்கலன்னா இன்னைக்கு வேலையே முடிஞ்சிருக்காதுன்னு நீதான சொன்ன? ஆள் இல்லாத நேரத்துல வந்த ஆளுக்கு நீ அரைப் பங்குன்னா எவன் வருவான்?" குரல் எழும்பியது. தான் யார், எதற்காக, யாரிடம், யாருடைய பணத்துக்குப் பேரம் பேசுகிறோம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. "ஐந்நூறாவது குடு. ஐந்நூறுக்குக் கொறஞ்சா வாங்க மாட்டேன்."

பெண்கள் சிரிக்காமலிருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சந்திரலேகா மட்டும் கொஞ்சமும் சிரிக்கவில்லை. இது அவள் தொழில்.

"வழக்கத்த மாத்த முடியாது சார். கை பழகுனா முழுப் பங்கு தர்றேன். ஞானமேரி நாளைக்கும் வராது. கலைவாணன் அண்ணன் வயலுக்கு ஒரு ஆளு கொறையுது, வர்றீங்களா?"

தெட்சிணாமூர்த்தி முந்நூறு ரூபாயை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கலைவாணன் என்ன குடுக்குறான்?" என்று கேட்டார்.